ஷெட்டுக்குள் மட்டும் நேராக நின்ற ஜீப்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, முதலில் ஒரு பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் பதுளையில் பழைய ஜீப்புகளைத் துடைத்து மினுக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மகன் என்னைக் கூட்டிப் போனான். அதில் ஒரு பச்சை ஜீப், வலப்பக்கம் நாலு விரல் அளவு இறங்கி நின்றது. அதன் சொந்தக்காரத் தம்பி, இரண்டு தடவை ஸ்பிரிங் மாற்றியும் சாய்வு போகவில்லை என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய், "தம்பி, எடதும் வலதும் மாறிப்போயிருக்கு. கழட்டி எடம் மாத்திப் போடுங்க" என்றேன். கோயில் வாசலில் வயதானவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "ஆன்ட்டி, நேராயிட்டு ஆன்ட்டி!" மகனிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லி, அந்தத் தம்பியை இன்னொரு முறை சொல்ல வைத்தேன். மருமகளும் கேட்கட்டும் என்றுதான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதையா அது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அப்பா தோட்டத்து ஜீப்பின் டிரைவர். அம்மா கொழுந்து பறித்தார். நான் எடைக்கல்.

சிரிக்காதீர்கள். ஜீப் வலப்பக்கம் சாயும். டிரைவர் சீட் இருக்கிற பக்கம் அது. வளைவுகளில் அந்தப் பக்கம் பள்ளம் வந்தால், பின்னால் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார்கள். அதனால் அப்பா கனமானதையெல்லாம் இடப்பக்கம் ஏற்றுவார். என் வயதுப் பிள்ளைகளில் தோட்டத்திலேயே நான்தான் கனம். பின்னால், இடப்பக்கப் பலகையின் மூலையில், ஈரச் சாக்கும் பெட்ரோலும் மணக்கும் அந்த இடம் என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரங்களில் எனக்குப் பதிலாக ஓர் உடைந்த அம்மிக்கல்லைக் கட்டி வைப்பார். அந்தக் கல்மேல் எனக்குப் பெரிய பொறாமை இருந்தது. எனக்குத் தெரியாமல் பசறை வரைக்கும் போய் வந்துவிடுமே!

அப்பா நல்ல உடம்புக்காரர். "டிரைவர் தின்ன ரொட்டிதான் ஜீப்ப சாய்ச்சிருச்சு" என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லோரும் கேலி பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்த வருடம் மழைக்காலத்தில் நாலு ரொட்டியை இரண்டாக்கினார், பிறகு ஒன்றாக்கினார். பசியில் முகம் வாடியதே தவிர ஜீப் நிமிரவில்லை. அந்தக் கேலி அவரை எவ்வளவு குத்தியிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. அப்போது நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அவர் கையில் ஓர் அத்தாட்சி இருந்தது. ஜீப்பை அதன் தகர ஷெட்டுக்குள் நிறுத்தினால் அளந்து வைத்தது மாதிரி நேராக நிற்கும். கேலி பண்ணுகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்.

"பாரு, நல்லாப் பாரு. நேரா நிக்குதா இல்லயா? கோளாறு ஜீப்புல இல்ல, ரோட்டுல."

எங்கள் ரோடு அப்படிப்பட்டதுதான். ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் ஒரு நாள் தொரைசாணி, அதுதான் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் மனைவி, முன் சீட்டில் இருந்து பதுளைக்குப் போனார். பெரிய வளைவில் ஜீப் சாய்ந்தது. மடியில் இருந்த கேக் பெட்டியோடு அவர் சறுக்கி வந்து அப்பாவின் தோளில் மோதினார். கேக் அப்பாவின் சட்டையில். அவருக்கு அடியொன்றும் படவில்லை, ஆனால் அந்த வீட்டில் அன்று இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் எல்லோர் முன்னாலும் பெரிய தொரை அப்பாவைக் கூப்பிட்டார்.

"டிரைவர், இது ஜீப்பா, சாஞ்ச மரமா? வியாழக்கிழமை நான் வந்து பாக்குறது. அன்னைக்கும் சாஞ்சா பழைய இரும்புக்குக் குடுக்குறது. நீ கவ்வாத்து வேலைக்குப் போ."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைக்கும் வேலை. ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது தண்டனை. ஆனாலும் அன்று பெண்கள் பக்கம் விழுந்த அமைதி அப்பாவுக்காக இல்லை. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த வீட்டில், ஓர் அக்கா எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தார். தலைப்பிள்ளை. ஜீப் இல்லையென்றால் அவரைக் கம்பளியில் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும்.

அம்மா அப்படிப் போனவர். எனக்கு முன்னால் எனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும். கம்பளியிலேயே, பாதி வழியில், மழைக்குள் பிறந்து அங்கேயே போய்விட்டான். அடுத்த வருடம் எங்கள் டிவிசனுக்கு, தோட்டத்தின் எங்கள் பகுதிக்கு, ஜீப் வந்தது. நான் ஜீப்பில் போய்ப் பிறந்தவள். அம்மா அதுவரைக்கும் அந்த ஜீப்பில் ஏறியது அந்த ஒரே தடவைதான், அதுவும் பின்னால் படுத்தபடி.

வெள்ளியும் சனியும் அப்பா ஷெட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆணியாகத் தட்டிப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் அம்மா ரொட்டியையும் கட்டச் சம்பலையும் ஒரு போத்தல் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஷெட்டுக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஒயில் சிந்திக் கிடக்கும், வழுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அம்மா அந்தச் சட்டத்தை அன்றுதான் மீறினார். நான் பின்னாலேயே போனேன்.

வாசலைத் தாண்டி வெறுங்காலோடு நாலு அடி வைத்த அம்மா, அப்படியே நின்றுவிட்டார். காலை மாற்றி வைத்தார். திரும்பவும் மாற்றி வைத்தார்.

"ஏங்க, இந்த எடம் சாஞ்சிருக்கு."

ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒன்ன யாரு உள்ளுக்கு வரச் சொன்னா?"

"சாஞ்சிருக்குங்க. எடது பக்கம் எறக்கமா இருக்கு."

"பத்து வருசமா நான் இதுக்குள்ள நிக்கிறேன். எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சா?"

அம்மா சண்டைக்குப் போகிறவர் இல்லை. ஆனால் காலையிலிருந்து மாலை வரைக்கும் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்று மலைச்சரிவில் நின்றவர். எந்த இடத்தில் எவ்வளவு சரிவு என்று அவர் பாதத்துக்குத் தெரியும். அவர் போத்தலின் அடைப்பைத் திறந்து, அந்த நல்ல தேத்தண்ணியை, சீனி போட்ட தேத்தண்ணியை, சிமெந்துத் தரையில் மடமடவென்று ஊற்றினார். அது ஒரு கணம்கூட நிற்கவில்லை. ஜீப்புக்கு அடியில் குறுக்காக ஓடி, அப்பாவின் முதுகை நனைத்து, இடப்பக்கச் சுவரோரக் கானில் போய் விழுந்தது.

அப்பா வெளியே வந்தார். முதுகு நனைந்திருந்தது. தரையைப் பார்த்தார், கானைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். மழைத்தண்ணி தேங்காமல் கானுக்கு ஓடட்டும் என்றுதான் ஷெட்டுக்குத் தரை போட்டவர்கள் அப்படிச் சரித்துப் போட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் எல்லாமே சரிவு. லயம் சரிவு, பாதை சரிவு, பள்ளிக்கூடத்து வாங்குகூடச் சரிவு. அதனால் சிமெந்து போட்ட இடமென்றால் மட்டமான இடம் என்று அவர் நம்பிவிட்டார். சரிந்த தரையில் ஜீப் நேராக நிற்கிறது என்றால் ஜீப் எப்படி இருக்க வேண்டும்? அதை யாரும் யோசிக்கவில்லை.

"கராஜ் நானா அப்பவே சொன்னாரு" என்றார் அப்பா மெதுவாக.

எனக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் டவுனில் ஒரு கராஜில் அப்பா ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்ட வைத்தபோது நானும் கூட இருந்தேன். அந்தக் காலத்தில் ஜீப் ஷெட்டுக்குள் நின்றால் வலப்பக்கம் உயர்ந்து தெரியும். அது அப்பாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வலது ஸ்பிரிங்கை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றச் சொன்னார். கராஜ்காரர், அண்ணன் முறை வைத்து எல்லோரும் நானா என்று கூப்பிடுபவர், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"டிரைவர், நான் சொல்றதக் கேளுங்க. ஒங்கட பாரமும் பெட்ரோல் டேங்க்கும் ஒரே பக்கந்தானே. அதுக்குத்தான் வலது ஸ்பிரிங்க செய்யக்குள்ளயே கொஞ்சம் ஒசத்திச் செஞ்சிருக்காங்க. மாத்த வேணாம்."

அப்பா கேட்கவில்லை. நானாவும் ஒரு அளவுக்கு மேல் சொல்லவில்லை, சொன்னபடி செய்து கொடுத்தார். அன்று சாயந்தரம் ஜீப் ஷெட்டுக்குள் நேராக நின்றது. அப்பா அதற்கு ஒரு சூடமே கொளுத்தினார். மறுநாளிலிருந்து ரோட்டில் சாய ஆரம்பித்தது, நான் எடைக்கல் ஆனேன்.

ஆகவே செய்ய வேண்டியது, மாற்றியதைத் திரும்பவும் மாற்றுவது. ஆனால் மாற்றிய பிறகு நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டமான ஓர் இடம் வேண்டும். அப்பாவுக்கு இப்போது எந்தத் தரையிலும் நம்பிக்கை இல்லை. தேயிலை பெக்டரிக்குள் தரை மட்டம்தான், ஆனால் பெட்ரோல் வாடை தூளில் ஏறிவிடும் என்று ஜீப்பை வாசலுக்குக்கூட விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் டிவிசன் ஒரு காட்சியைப் பார்த்தது. அம்மா முன்னால் போகிறார். ஓர் இடத்தில் நிற்கிறார், கண்ணை மூடுகிறார், பாதத்தை அழுத்துகிறார், "இல்ல" என்கிறார். அப்பா பின்னால் போகிறார். அவர் கையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பீங்கான் தட்டு. அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் பாதி லயம். பெரட்டுக் களம் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் இல்லை. பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் இல்லவே இல்லை. கடைசியில் காமன் பொட்டலில், வருடத்துக்கு ஒரு முறை காமன் கூத்து ஆடும் அந்தக் களத்தில், அம்மா கண்ணைத் திறந்தார்.

"இங்க வைங்க தட்ட."

நாலு சக்கரம் நிற்கப்போகும் நாலு இடத்திலும் வைத்துப் பார்த்தார் அப்பா. தண்ணீர் நாலு தரமும் விளிம்போடு விளிம்பாக நின்றது. எத்தனை தலைமுறைக் கால்கள் ஆடி ஆடி மட்டமாக்கிய மண் அது!

பொட்டலுக்குள் செருப்போடு யாரும் போகமாட்டோம். அதனால் டயர் போகலாமா என்று ஒரு பிரச்சினை வந்தது. கோயில் தலைவர் வெகுநேரம் யோசித்தார். பாதிப் பேர் டயர் செருப்புத்தான் போட்டிருந்தோம் என்பதால் அவருக்குத் தீர்ப்புச் சொல்வது கஷ்டமாக இருந்தது. "சாக்க விரிச்சு அதுமேல ஓட்டுனா மண்ணுல படாதுங்களே" என்றார் அம்மா. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாக்கு வந்தது. ஜீப், கல்யாண மாப்பிள்ளை மாதிரி, விரித்த சாக்கின்மேல் உள்ளே வந்தது.

பெக்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் மாமா ஜாக்கும் ஸ்பேனருமாக வந்து சேர்ந்தார். துரு ஏறிய ஆணிகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இரும்புப் பட்டைகளை அடுக்கி வில்லாக வளைத்த நாலு ஸ்பிரிங்குகளும் கழன்று சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்தபோது எல்லோருக்கும் விளங்கியது. இடப்பக்கத்தில் இருந்த இரண்டும் ஒரு விரல் கூடுதலாகக் கூன் போட்டிருந்தன. நாங்கள் ஒரு குட்டையையும் ஒரு நெட்டையையும் இடம் மாற்றி நிற்க வைத்துவிட்டு, நடுவில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

மாற்றிப் பூட்டினார்கள். கடைசி முறுக்கைக் கொடுக்கப் போன அப்பாவை மாமா நிறுத்தினார். "இப்ப முறுக்குனா ஸ்பிரிங்கு அப்புடியே இறுகிப் போயிரும் மச்சான். ஜாக்க எறக்கி, ஆளு பாரம் ஏத்திட்டுத்தான் முறுக்கணும்." டேங்க் நிரம்பியிருந்தது. ஆனால் டிரைவர் கீழே படுத்திருக்கிறார், டிரைவர் சீட்டில் யாரை வைப்பது? நானும் அரை மூட்டைக் கோதுமை மாவும் சேர்ந்தால் அப்பா என்று கணக்குப் போட்டார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வலப்பக்கம் உட்கார்ந்தேன். மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

அம்மா தன் மட்டக்கம்பைக் கொண்டு வந்தார். கொழுந்துச் செடியின்மேல் குறுக்கே வைத்து, அதற்கு மேலே தலை நீட்டும் தளிரை மட்டும் கிள்ளுவதற்கான நீளக் குச்சி அது. அதைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, மட்கார்டின் விளிம்பு தொடும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். மற்றப் பக்கம் போய் நிறுத்தினார். கீறலும் விளிம்பும் ஒட்டி நின்றன. பின்சக்கரத்துக்கும் அப்படியே. அப்பா எழுந்து வந்து தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு அந்தக் கம்பை அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தக் கம்பு பின்னாளில் எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை. லயத்தை விட்டு வந்தபோது அலுமினியச் சட்டிகளைப் பத்திரமாகக் கட்டினோம், கம்பை யாரும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஜீப்பைக் காமன் பொட்டலில்தான் நிறுத்தியிருந்தார் அப்பா. பெரிய தொரை சப்பாத்தோடு வந்தார். ஓரத்தில் கோயில் தலைவர் கைகட்டி நின்றார். "மன்னிச்சுக்கங்க தொரை. இந்த மண்ணுல செருப்பு ஆகாதுங்க." தொரை எங்கள் எல்லோர் காலையும் பார்த்தார். பிறகு குனிந்து, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளைக் காலுறையோடு உள்ளே வந்தார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சிரித்தோம்.

அவர் பெக்டரியிலிருந்து ரசமட்டம் கொண்டு வந்திருந்தார். அதை பொனட்டின்மேல் குறுக்கே வைத்துக் குனிந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுக்கோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. பின்னால் வைத்தார். அங்கேயும் நடுவில்தான். அப்பாவை ஏறச் சொல்லிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"நல்ல வேல. யாரு? பிட்டரா?"

பிட்டர் மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா இறங்கி வந்துவிட்டார். "பிட்டரும் நானும் முறுக்குனதுதாங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஸ்பிரிங்க மாத்திப் பூட்டச் சொன்னதும் நாந்தாங்க. என் தப்பு. அதக் கண்டுபிடிச்சது என் பொஞ்சாதிங்க."

லயமே கேட்கச் சொன்னார். ரொட்டியைக் குறைத்தாலும் வீம்பைக் குறைக்காத மனிதர் அவர். தொரை அம்மாவைப் பார்த்தார், அம்மா கையிலிருந்த கம்பைப் பார்த்தார். தப்புக்கு என்ன தண்டனை சொல்வாரோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"ஜீப் இருக்கட்டும். டிரைவரும் இருக்கட்டும்" என்றார். "இன்னைக்கு பதுளையில கிளினிக்தானே? ஏத்திட்டுப் போ."

கூட்டம் போட்ட சத்தத்தில் பொட்டலுக்குப் பக்கத்து மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. பக்கத்துக் காம்பரா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, பின்னால் வலப்பக்கப் பலகையில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக ஒருவரும் உட்காராத பக்கம். நான் வழக்கம்போல இடது மூலைக்கு ஏறினேன். "எங்க வேணுமோ அங்க ஒக்காரு" என்றார் அப்பா. என் உத்தியோகம் அன்றோடு முடிந்தது. அம்மிக்கல்லும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா யாரையும் கேட்கவில்லை. முன்னால் போய், இடப்பக்கக் கதவைத் திறந்து, தொரையும் தொரைசாணியும் மட்டுமே உட்காரும் அந்தச் சீட்டில், மட்டக்கம்பை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். தொரை சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக விலகி வழி விட்டார்.

தொரைசாணி சறுக்கிய அந்த வளைவு வந்தது. வலப்பக்கம் பள்ளம், கீழே மஞ்சு. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்பா வேகத்தைக் குறைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் தகரத்தில் அழுத்தினார்.

"மட்டம்" என்றார்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பசறை வரும்வரைக்கும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அடுத்த மாதம் அந்த அக்கா இதே ஜீப்பில் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓர் ஆண்பிள்ளையைப் பெற்று, இதே ஜீப்பில் திரும்பி வந்தார். அம்மா அந்தப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

ஆனால் அன்றைக்கு நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் அப்பா ஜீப்பை நிறுத்தினார். தார் போட்ட, கார்களெல்லாம் நிற்கிற, பார்த்தால் யாரும் மட்டம் என்று சொல்லக்கூடிய இடம். அம்மா இறங்கி, வெறுங்காலை ஊன்றினார். காலை ஒருமுறை மாற்றி வைத்தார்.

"ஏங்க, இந்த எடம் பின்னுக்கு எறக்கமா இருக்கு. டயருக்குக் கல்லு வைங்க."

அப்பா கல் தேடிப் போனார்.